நாம, நாங்க

ஜீப் எங்களை இறக்கிவிட்டபோது மதியம் மூன்று மணி இருக்கும். சுற்றிலும் மலை, நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கு, அதில் வரிசையாக மூன்று சுனைக்குளங்கள். அடியில் ஊற்று பொங்கிக்கொண்டே இருக்கிறதாம். ஆனால் மேலே ஒரு சுருக்கம் கிடையாது. காற்று முகத்தில் அறைந்தும் தண்ணீர் அசையவில்லை. வருகிறவர்கள் எல்லாம் இதைத்தான் அழகு என்று சொல்லிவிட்டுப் போகிறார்களாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வரேன் சார். ரெண்டு பேர்தானே?" என்று டிரைவர் கேட்டார்.

"பின்ன, எங்களைப் பார்த்தா கல்யாணக் கூட்டம் மாதிரியா இருக்கு?" என்றேன். என் மனைவி பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நான் பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவன். ஒற்று வருமா வராதா என்று அடுத்தவர் எழுத்தில் மூக்கை நுழைப்பதுதான் இருபது வருடப் பிழைப்பு. அந்தப் புத்தியை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வரத் தெரியவில்லை. "உங்ககிட்ட பேசுறது பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு" என்று அவள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். தூரத்து ஊர் ஒன்றில் தலைமை ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். நானும் கூடப் போவதா, அவள் மட்டும் போவதா என்பதற்குத்தான் வாயைத் திறக்க மறுத்தாள். "எங்கேயாவது அமைதியான இடத்துக்குப் போவோம். அங்க வச்சு சொல்றேன்" என்றாள். அந்த ஒரு பதிலுக்காகத்தான் பல் கிட்டும் குளிரில் வந்து நின்றேன்.

வந்த இடத்திலாவது நிம்மதி உண்டா? கூடாரத்தின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது. இருபது குச்சிகளைக் கிழித்த பிறகுதான் அடுப்பு பற்றியது. தண்ணீர் எடுக்க நடுக்குளத்துக்குப் போனவள் அரை மணி நேரமாகியும் திரும்பவில்லை.

"எவ்வளவு நேரம்?" என்று கத்தினேன்.

"நாங்க வந்துட்டே இருக்கோம்!"

தனியாகத்தான் வந்தாள். கேன் நிறையத் தண்ணீர். சட்டைக் கை தோள்வரை நனைந்திருந்தது.

"நாங்களா? கூட யாரு?"

"நான்னுதானே சொன்னேன்?" என்று என்னைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமில்லை அது. அவளிடமிருந்து பாசிக் கல்லின் வாடை வந்தது.

பொழுது சாயும் நேரம் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நாங்க சாப்பிட்டாச்சு."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"இங்க இருக்கிறது நீயும் நானும்தான். நாமன்னு சொன்னா என்னையும் சேர்த்துப் பேசுறே. நாங்கன்னு சொன்னா என்னை வெளிய நிறுத்திட்டு வேற யாரையோ சேர்த்துக்கிறே. இந்த வித்தியாசம் சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும்!"

அவள் குளத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"தெரியும்."

இருட்டியதும் இருவரும் முதுகைக் காட்டிப் படுத்தோம். கண்ணை மூடும்வரை அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விழித்தபோது விடிந்திருந்தது. பக்கத்துப் பாய் ஈரமாக இருந்தது. நான் மல்லுக்கட்டியும் நகராத ஜிப், மேலிருந்து கீழ்வரை திறந்து கிடந்தது.

மூடுபனிக்குள் நடந்தேன். நடுக்குளத்தின் கரையில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் முதுகு. சின்னக் குரலில் பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்வாள், நிறுத்துவாள், கேட்பாள்.

அவள் நிறுத்தும்போதெல்லாம், அசையாத அந்தத் தண்ணீரின் நடுவில் ஒரே ஒரு வளையம் எழுந்தது.

அது அடங்கும்வரை காத்திருந்து அவள் சிரித்தாள்.

என்னோடு அப்படிச் சிரித்து எத்தனை வருடமாகிறது என்று நினைத்தேன். பயத்தைவிட அதுதான் அதிகம் வலித்தது. கால் ஓடச் சொன்னது. ஆனால் அவளை விட்டுவிட்டு எங்கே ஓட?

"இங்க பாரு," என்றேன். "இனிமே உன் பேச்சுல ஒரு எழுத்துகூடத் திருத்த மாட்டேன். சத்தியமா. எனக்குப் பதில் மட்டும் சொல்லு."

தண்ணீரில் வளையம் எழுந்து, அடங்கியது.

"சரி, நாம போகலாம்" என்றாள்.

நாம!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் குளிரில் எனக்கு வந்த பிரமை என்று முடிவு கட்டிவிட்டேன். கூடாரத்துக்கு ஓடிப்போய்ப் பாயைச் சுருட்டினேன். புது ஊரில் எப்படிப்பட்ட வீடு பார்க்கலாம் என்றுகூட யோசித்தேன். இரண்டாவது பாயை எடுக்கும்போதுதான் உறைத்தது.

அவள் அதைச் சொன்னபோது என் பக்கம் திரும்பவே இல்லை.

கரை காலியாக இருந்தது.

செருப்பு மட்டும் கிடந்தது. தண்ணீரில் ஏதும் விழுந்த சத்தமில்லை. அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. இறங்கினேன். இடுப்பளவுதான். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் துழாவினேன். கல்லைத் தவிர ஒன்றும் கையில் தட்டவில்லை.

பத்து மணிக்கு டிரைவர் வந்தார். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று குளங்களிலும் இறங்கித் தேடினார். கடைசியில் என் கையைப் பிடித்து மேலே இழுத்தார்.

"நடுங்குறீங்க சார். கீழ போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வரலாம், வாங்க."

நான் நகரவில்லை. தண்ணீரைப் பார்த்து என் பலம் முழுவதையும் திரட்டிக் கத்தினேன்.

"வந்துடு! நாம வீட்டுக்குப் போகலாம்!"

நடுவில் ஒரு வளையம் எழுந்தது.

அதன் பக்கத்திலேயே இன்னொன்று.

என் கையைப் பிடித்திருந்த டிரைவரின் பிடி இறுகியது. மிகப் பக்கத்தில், வாசற்படியில் நின்று ஆளை அனுப்பிவைக்கிற அமைதியோடு, என் மனைவியின் குரல் கேட்டது.

"நாங்க வரல."