இலைச்சாறு சேராத குடுவை

இலைச்சாற்றை அவள் இன்னும் ஊற்றவே இல்லை. அதற்குள் குடுவையில் இருந்த வெள்ளிக் கரைசல் பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

மூன்று வருடமாக அவள் ஆய்வுக்கூடத்தில் செய்துவரும் வேலை அது. வெள்ளி உப்புக் கரைசலில் இலைச்சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீர் மெல்லப் பழுப்பாகும். கிருமிகளைக் கொல்லும் நுண்துகள்கள் பிறந்துவிட்டன என்று அர்த்தம். அதற்கு உயிருள்ள ஒன்றின் சாறு வேண்டும். இன்றோ, போன மாதம் செய்த துகளில் ஒரு துளியைத்தான் போட்டிருந்தாள். குடுவையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் பிடித்திருந்த இடத்தில் மட்டும், கண்ணாடிக்கு உள்பக்கம், ஐந்து பழுப்புத் திட்டுகள். கையை எடுத்தாள். சாறு உறிஞ்சப்பட்டதுபோல விரல்கள் மரத்துப்போயிருந்தன.

போன மாதத்துத் துகளைத்தான் களிம்பாக்கி, தீக்காய வார்டுக்கு இருபது டப்பா அனுப்பியிருந்தார் துறைத்தலைவர். சோதனை முடியவில்லை என்று அவள் சொன்னபோது, பயந்தாங்கொள்ளி என்று எல்லோர் எதிரிலும் சிரித்தார். அன்று வாயை மூடிக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கொதிக்கும் எண்ணெய் கொட்டிக் கை வெந்த அவள் அக்காவும் மூன்று நாளாக அந்த வார்டில்தான் இருந்தாள்.

துறைத்தலைவருக்கு போன் செய்தாள்.

"ஒரு கிருமிகூட மிஞ்சலம்மா. நேத்துலேர்ந்து உங்க அக்காவுக்கும் அதான் போடறாங்க. நானே சொல்லி ஏற்பாடு பண்ணேன்."

"கிருமி மிஞ்சல, சரி. வேற என்ன மிஞ்சுச்சுன்னு பாத்தீங்களா சார்?"

வாயை அடக்கிப் பேசச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

வார்டுக்குள் அவள் நுழைந்தபோது மாலை நான்கு மணி. சன்னல் கம்பிகளின் நிழல் கட்டில்களின் மேல் நீளமாக விழுந்து கிடக்க, தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்ற, சீழ் வாடையோ மருந்து வாடையோ வியர்வை வாடையோ எதுவுமே இல்லாமல், மனிதர்களே படுக்காத அறைபோல அது கழுவித் துடைத்த சுத்தத்தோடு இருந்தது. முனகல் இல்லை. இருமல் இல்லை. ஒரு ஈகூட இல்லை.

அக்காவின் கைக்கட்டைப் பிரிக்க வேண்டும் என்றதும், பெரிய டாக்டர் எழுதித் தராமல் கூடாது என்று நர்ஸ் குறுக்கே வந்தாள். நர்ஸைத் தள்ளிவிட்டு அக்காவின் கட்டிலுக்குப் போனாள்.

அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மூச்சு சீராக இருந்தது.

"அக்கா."

தோளைப் பிடித்து உலுக்கியும் அக்கா விழிக்கவில்லை.

ஆத்திரத்தோடு கட்டைப் பிடித்து இழுத்தாள். துணி ஈரமில்லாமல் வந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ரத்தக் கறை இல்லை. தோலும் இல்லை.

வெள்ளி.

முழங்கை வரை, பளபளவென்று, ஒரு சுருக்கமில்லாத வெள்ளி. அதன் ஓரம் மேலே இருந்த தோலுக்குள் பொடிப்பொடியாக ஏறிக்கொண்டிருந்தது. அந்த உள்ளங்கையில், குனிந்து பார்த்த தங்கையின் முகம் தெரிந்தது.

அக்கா தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் கை மட்டும் மெல்ல எழுந்து, காற்றில் துழாவி, தங்கையின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது.