ஊதுவத்தி ஏற்றாத விருந்தாளி

பட்டென்று வந்து முகத்தில் அப்பிக்கொண்டது ஈரக் காகிதம் ஒன்று!

யுகினோ சைக்கிளை நிறுத்தினாள். ஜப்பானின் மத்ஸுவே நகர ஏரிப் பாலத்தின் மேல் சாரலும் காற்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. காகிதத்தைப் பிய்த்துப் பார்த்தாள். 'களைத்திருப்போரே, இயேசுவிடம் வாருங்கள். இளைப்பாறுதல் தருவார்.'

மூச்சிரைக்க ஓடி வந்தான் ஒருவன். கை நிறைய நனைந்த துண்டுப் பிரசுரங்கள்.

"மன்னிச்சிடுங்க... காத்து பறிச்சுட்டுப் போயிடுச்சு."

"வாங்கன்னு கூப்பிடுறதோட நிறுத்திக்கச் சொல்லுங்க உங்க சாமியை. மேலேயே வந்து விழுறாரே!"

அவன் சிரித்துவிட்டான். இமையில் மழைத்துளி தொங்க, அந்தக் கண்களும் சேர்ந்து சிரித்தன. அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சல்தான்... வேறென்ன?

"அப்புறம், 'இளைப்பாறுதல்'ல ஒரு கோடு குறையுது. எழுத்தே தப்பு."

"ஐயோ! ஐநூறு அடிச்சிட்டேனே!"

"எத்தனை பேர் வாங்கினாங்க?"

"காலையிலேருந்து... உங்களோட சேர்த்து நாலு பேர்."

"நான் எங்க வாங்கினேன்? என் மூஞ்சி வாங்கிச்சு!"

எழுத்தில் அவள் கண் அவ்வளவு கூர்மையாக இருந்ததில் அதிசயமில்லை. கல்லறைக் கற்களில் பெயர் வெட்டுவது அவள் தொழில். அப்பா கென்சாகுவின் பட்டறையில் உளி பிடிக்கும் ஒரே வாரிசு அவள்தான்.

அடுத்த வாரம் அந்தப் பட்டறை வாசலில் குடையை மடக்கினான் அவன். பெயர் ரென்தாரோ. ஊருக்கு வந்து மூன்று மாதமே ஆன சபைப் போதகர். சபையைச் சேர்ந்த, இறந்துபோன ஒரு மூதாட்டிக்குக் கல் வேண்டுமாம். அவளைப் பார்த்ததும் காது வரை சிவந்தான்.

"எழுத்தைச் சரியா எழுதிட்டு வந்திருக்கேன்... நீங்களே ஒரு தடவை பாருங்களேன்."

கல் முடிய நாற்பது நாள் ஆனது. வாரத்துக்கு இரண்டு தடவை வந்து நின்றான். பாதி நாள் கல்லைப் பார்த்தான்... பாதி நாள் அவளை. அவளும் ஒரு பெயரை வெட்ட வேண்டிய நேரத்தில் மூன்று பெயரை வெட்டுகிற வேகத்தை எங்கோ தொலைத்திருந்தாள்.

அப்பாவுக்குத் தெரியாதா?

"அவனைக் கட்டிக்கிட்டா நம்ம வீட்டுப் பூஜை மாடத்தை யாரு பாப்பா? உங்கம்மாவுக்குத் தினம் யாரு சோறு வைப்பா? அவன் அவ படத்துக்கு முன்னாடி ஒரு ஊதுவத்திகூட ஏத்த மாட்டான்!" என்று வெடித்தார் கென்சாகு. "செவ்வாய்க்கிழமை அவ நினைவு நாள். வரச் சொல்லு. ஏத்தினான்னா பேசலாம். இல்லேன்னா இந்தப் பேச்சே வேண்டாம்."

அன்று கறுப்பு உடையில் வந்தான் ரென்தாரோ. மாடத்தின் முன் மண்டியிட்டு அமர்ந்தான். ஊதுவத்தியும் தீப்பெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. யுகினோ மனசுக்குள் மன்றாடினாள். ஏத்திடு... ஒரே ஒரு குச்சிதானே... இல்லை, எனக்காகப் பொய்யா ஏத்தாதே!

அவன் தலை தாழ்த்தி நெடுநேரம் இருந்தான். ஏற்றவில்லை. பிறகு கென்சாகுவின் பக்கம் திரும்பி, தரையில் நெற்றி படக் குனிந்தான்.

"மன்னிச்சிடுங்க ஐயா. நம்பாததைச் செஞ்சு உங்களை ஏமாத்த எனக்கு மனசு வரலை. படத்துல இருக்கிற அம்மாவை இந்த வீட்டுக்குக் குடுத்ததுக்கு என் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஒண்ணு கேக்கலாமா? இவங்க... எப்படிப்பட்டவங்க?"

கென்சாகு கோபமாக வாயைத் திறந்தார். பார்வை மாடத்துப் படத்துக்குப் போனது. ஏழு வருஷமாக எல்லாரும் வந்தார்கள், ஏற்றினார்கள், போனார்கள். அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

"சத்தமா சிரிப்பா," என்றார் கடைசியில். "ஏரிச் சிப்பி சூப்புல உப்பை அள்ளிப் போட்டுட்டு, என் நாக்கைக் குத்தம் சொல்லுவா..."

பேச ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. பிறகு எழுந்தார்.

"இவனுக்கும் சேத்து சோறு வை," என்று மகளிடம் சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

சாப்பாடு முடிந்து வழியனுப்ப வந்தாள் யுகினோ. வாசல் சரிவில் மழை நின்று வெயில் சுளீரென்றது.

"நான் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுக்க மாட்டேன்," என்றாள்.

"அதுக்காக எடுக்க வந்தீங்கன்னா நானே குடுக்க மாட்டேன்."

"அம்மாவுக்குச் சோறு வைக்கிறதையும் விட மாட்டேன்."

"விடச் சொல்லலியே. சபைப் பெரியவங்க கேள்வி கேப்பாங்க... பதில் சொல்லிக்கிறேன்."

"உங்க சாமியை எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்து கேப்பேன். சண்டையும் போடுவேன். பிடிச்சா நம்புவேன், பிடிக்கலேன்னா அதையும் மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். வருஷக்கணக்கா ஆகலாம்."

"ஆகட்டும். காத்திருக்கேன்."

"நம்பாமலே போயிட்டேன்னா?"

அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் கண்ணை விலக்கவில்லை.

"அப்பவும் உங்களைப் பிடிச்சிருக்கும், யுகினோ. பாலத்துல திட்டினீங்களே... அன்னிலேருந்து."

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது. யுகினோ எதையும் லட்சியம் செய்யவில்லை. கல்தூசி ஏறிய தன் கையை நீட்டி, அவன் கையை இறுகப் பற்றினாள்.

"எனக்கும்..." என்றாள். "எனக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு."