டேங்க் ரத்தம் உறையாது

“அய்யோ...!”

டேங்க் பக்கமிருந்து வந்த அலறல், லேபில் இருந்த கெமிஸ்டைத் தூக்கிவாரிப் போட்டது.

ஓடினாள்.

இரும்பு ஏணியின் அடியில் காவலாளி கிடந்தார். தலை பிளந்து... உயிர் போயிருந்தது. சாப்பாடு கொடுக்க வந்த அவர் மனைவி, டப்பா உருண்டு கிடக்க, மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள்.

மாடு அறுக்கும் கூடத்தில் சாக்கடைக்குப் போகும் ரத்தத்தை லாரியில் கொண்டுவந்து, மெஷினில் சுழற்றி, மஞ்சளாய் மேலே நிற்கும் நீரைத் தனியே பிரித்து, உலர்த்தி, கன்றுத் தீவனத்துக்குப் புரதப் பவுடராக்கும் தொழிற்சாலை அது.

உருப்படியான வேலைதான். ஆனால் புகுந்த வீட்டில் கெமிஸ்ட் சொல்லியிருந்தது...

‘மருந்து கம்பெனி!’

மேனேஜர் அவளை ஓரமாய் இழுத்தார்.

“ஏறினான், வழுக்கினான், விழுந்தான். அவ்வளவுதான்!”

“சார்... காலையில கேட்ல உங்க ரெண்டு பேருக்கும் சண்டை நடந்துதே! மாட்டு டாக்டர் வேண்டாம்னு தள்ளின சீக்கு மாட்டு ரத்தத்தை உள்ளே விடமாட்டேன்னு அவர்...”

“சொல்லேன்! டி.வி.காரன் வருவான். உன் மாமியார் பார்ப்பாங்க. மாட்டு ரத்தத்துல கையை விட்டுட்டு வந்துதான் மருமக நமக்குச் சோறு போடறான்னு தெரியட்டும்!”



இன்ஸ்பெக்டர் வந்தார். மேனேஜரை மேலும் கீழும் பார்த்தார்.

“பாடியைத் தொட்டீங்களா?”

“பக்கத்துலகூடப் போகலை சார்!”

“அப்ப சட்டையில ரத்தம்?”

“டேங்க் குழாயைத் திறந்தேன், தெறிச்சுது. மாட்டு ரத்தம் சார். இதோ எங்க கெமிஸ்ட், கேளுங்க!”

“அப்படியாம்மா?”

“ஆ... ஆமா சார்.”

சொல்லி முடித்தபோது காவலாளியின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.  கண்ணை எடுக்கவில்லை.

கெமிஸ்டுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஒரு மனுஷன் செத்துக் கிடக்கிறார். நான் மாமியாரின் முகச்சுளிப்புக்குப் பயந்து கிடக்கிறேன். த்தூ!

“நான் குளிச்சுட்டு வந்துடறேன் சார்...” மேனேஜர் சட்டைக் கையை மடித்தார்.

மடிப்பில்... கருஞ்சிவப்பாய் ஒரு கட்டி. ஜெல்லி மாதிரி!

“சார்! அவரைக் குளிக்க விடாதீங்க!”

“ஏம்மா?”

“எங்க டேங்க் ரத்தம் உறையாது! அறுக்கிற இடத்துலயே உறையாம இருக்க சிட்ரேட் உப்பு கலந்துதான் லாரியில ஏத்துவோம். உறைஞ்சா மெஷின்ல பிரிக்க முடியாது. சட்டையில பட்டா காயும்... இப்படிக் கட்டி கட்டாது. இது எங்க டேங்க் ரத்தமே இல்ல சார்!”

“இப்பத்தானே ஆமான்னே?”

“பொய் சொன்னேன் சார்... வெட்கமா இருக்கு.”  காலைச் சண்டையையும் கொட்டிவிட்டாள்.

மேனேஜர் வாசலை நோக்கிப் பாய்ந்தார். கான்ஸ்டபிள் காலை நீட்டினார். ‘தொப்’!

“சீக்கு ரத்தத்தைப் பத்தி மேலிடத்துல சொல்லுவேன்னான் சார்! டேங்க்கை எட்டிப் பார்க்க ஏறினான்... ஏணியிலேர்ந்து தள்ளினேன்... செத்துட்டானான்னு தூக்கிப் பார்த்தேன்...” தரையில் கிடந்தபடியே உளறினார்.

டி.வி. மைக்குகள் அவளைச் சூழ்ந்தன. எந்தக் கம்பெனி, என்ன ரத்தம்... எல்லாவற்றையும் தரையைப் பார்த்தே சொன்னாள். பிறகு காவலாளியின் மனைவியிடம் போய், “என்னை மன்னிச்சுடுங்கக்கா” என்றாள். அந்தப் பெண் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

செல்போன் அலறியது. மாமியார்!

“அத்தை... மருந்து கம்பெனின்னு நான்...”

“உன் துணியைத் துவைக்கிறது யாரு? எனக்கு எப்பவோ தெரியும். நீயா சொல்லுவேன்னு வாயை மூடிட்டிருந்தேன்.”

அவள் செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஆனா இப்ப டி.வி.யைப் பார்த்ததும் மானமே போச்சு எனக்கு!”

“அ... அத்தை?”

“அந்தக் கொலைகாரன் நெஞ்சை நிமிர்த்திட்டு ஜீப்புல ஏறறான். நீ தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கறே. பார்க்கறவன் யாருடி கொலை பண்ணினதுன்னு நினைப்பான்?”