ஆமை வண்டியின் இரண்டு மூக்குகள்

நண்டின் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் ஆமை நின்றுகொண்டிருந்தது. நிஜ ஆமை இல்லை. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற, வீடு மாதிரியான ஒரு குட்டி டிரெய்லர். உள்ளே படுக்கைகள், ஓர் அடுப்பு, ஒரு மின்விசிறி, கை கழுவ ஒரு தொட்டி எல்லாம் உண்டு. வீட்டை முதுகில் சுமந்துகொண்டு மெதுவாகப் போவதால் அப்பா அதற்கு ஆமை என்று பெயர் வைத்தார்.

பத்து வயதான தன் மகளுக்கு நண்டு என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அவருக்கு ரொட்டிக்கடையில் வேலை. ரொட்டி சுடுகிற நேரம் போக, மிச்ச நேரத்தில் கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டிருப்பார்.

ஆமைக்கு ஒரே ஒரு குறை. அதன் பேட்டரி கிழடாகிவிட்டது. போன முறை ஏரிக்கரையில் தங்கியபோது, சாப்பிட உட்கார்ந்ததுமே விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் அப்பா சர்க்கரை என்று நினைத்துப் பாலில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டார். அதைக் குடித்த அம்மாவின் முகம் எப்படிப் போனது என்று யாரும் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

"இனிமே இந்தப் பேட்டரியோட மல்லுக்கட்ட என்னால முடியாது. புதுசா ரெண்டு போடப்போறேன். பெருசா," என்றாள் அம்மா.

அம்மா லிஃப்ட் பழுதுபார்ப்பவள். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு வயர் என்றால் பயமே கிடையாது. பல்லிக்கு மட்டும் பயப்படுவாள்.

நண்டுக்குத் தலைகால் புரியவில்லை. காரணம், இந்தச் சனிக்கிழமை அவர்களோடு லீடரும் ஏரிக்கு வருகிறாள். லீடர் என்றால் வகுப்பு லீடர். முடி கலைந்தோ, சாக்ஸ் சரிந்தோ, கேள்விக்குப் பதில் தெரியாமலோ அவளை யாரும் பார்த்ததில்லை. அவளிடம் நண்டு கொஞ்சம் அளந்துவிட்டிருந்தாள்.

"எங்க வண்டி சூப்பரா இருக்கும். ஓட்டல் ரூம் மாதிரி!"

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் வேலை தொடங்கியது. அம்மா உட்காரும் பலகையைத் தூக்கினாள். அதன் அடியில் பேட்டரிக்கான பெட்டி இருந்தது. நண்டு டார்ச் பிடித்தாள். புதிய பேட்டரிகள் இரண்டையும் அப்பா மூச்சு வாங்கத் தூக்கி வந்து உள்ளே இறக்கினார்.

"இதுக்குள்ள என்ன, கருங்கல்லா?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வயர்களை இணைத்தாள். ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ். பிறகு துளைபோடும் இயந்திரத்தை எடுத்து, வண்டியின் பக்கச் சுவரில் வெளியே தெரிகிற மாதிரி இரண்டு ஓட்டைகள் போட்டாள். ஒன்று கீழே, ஒன்று மேலே.

"எதுக்கும்மா ஓட்டை? மழை உள்ள வராதா?"

"சார்ஜ் ஏறும்போது இந்தப் பேட்டரி ஒரு வாயுவை விடும் நண்டு. அதைப் பாக்கவும் முடியாது, மோந்தும் பாக்க முடியாது. ஒரு சின்னத் தீப்பொறி பட்டாலும் வெடிச்சிரும். ஆனா காத்தைவிட ரொம்ப லேசு, மேல மேல போகும். அதனால கீழ் ஓட்டை வழியா நல்ல காத்து உள்ள வரும். மேல் ஓட்டை வழியா அந்த வாயு வெளிய போயிரும். மழைக்கு மூடி போட்டுடறேன்."

ஓட்டைகளில் குழாய்களைச் செருகி, வெளியே சாம்பல் நிறத்தில் கிண்ணம் போன்ற மூடிகளைக் கவிழ்த்து வைத்தாள். பெட்டியின் மூடியைச் சுற்றி ரப்பர் பட்டையும் ஒட்டினாள். பிறகு கை கழுவ உள்ளே போய்விட்டாள்.

அப்போதுதான் லீடர் சைக்கிளில் அந்தச் சந்து வழியாக வந்தாள். கூடவே வகுப்புத் தோழிகள் இரண்டு பேர்.

"இதுதான் ஓட்டல் ரூமா?" என்று கேட்டுவிட்டு லீடர் சுவரையே பார்த்தாள். "அது என்ன, மூக்கா? உங்க வண்டிக்குச் சளி பிடிச்சிருக்கா?"

தோழிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி தும்முவது போல நடித்தாள். மணியடித்துக்கொண்டே மூன்று சைக்கிள்களும் போய்விட்டன.

நண்டுக்குக் காது இரண்டும் கொதித்தன. திரும்பி ஆமையைப் பார்த்தாள். மங்கிப்போன பெயிண்ட். ஓரத்தில் துரு. நடுவில் அந்தச் சாம்பல் மூடிகள். நேற்றுவரை செல்லமாகத் தெரிந்த வண்டி இப்போது கந்தல் சட்டை போட்டுக்கொண்டு நடுத்தெருவில் நிற்பதுபோல் இருந்தது.

பாத்திரம் தேய்க்கும் பழைய ஸ்பஞ்சு ஒன்று அவள் கண்ணில் பட்டது. அதை இரண்டாகக் கிழித்தாள். மூடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டைக்கு ஒரு துண்டாகத் திணித்தாள். மேலே பெரிய மஞ்சள் பூ ஸ்டிக்கர்களை ஒட்டினாள்.

அம்மா சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. 'லீடர் ஒரு தடவை பாத்துட்டா போதும், உடனே எடுத்துடலாம்' என்று அதன் வாயை அடைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அம்மா வீட்டுக்குள்ளிருந்து நீளமான வயரை இழுத்து வந்து ஆமையின் மறுபக்கத்தில் சொருகினாள். புறப்படுவதற்குள் பேட்டரி நிறைய வேண்டுமே! அந்தப் பக்கத்திலிருந்து பூக்கள் தெரியாது.

லீடர் பையோடு வந்தாள். பூக்களைப் பார்த்தாள்.

"அட, மூக்கு எங்க? இது நல்லாருக்கே!"

நண்டுக்கு உச்சி குளிர்ந்தது. இப்போது போய் ஸ்டிக்கரைப் பிய்த்தால் எப்படி இருக்கும்? இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் என்பது இன்னும் கொஞ்ச நேரமாக வளர்ந்தது. நண்டும் லீடரும் ஆமைக்குள் உட்கார்ந்து சீட்டு விளையாட ஆரம்பித்தார்கள். அப்பாவும் உள்ளே வந்தார்.

"புறப்படறதுக்கு முன்னாடி நம்ம விருந்தாளிக்குச் சூடா பால் போட்டுத் தர்றேன். இந்தத் தடவை சர்க்கரைதான். நக்கிப் பாத்துட்டேன்."

அவர் பாத்திரத்தை அடுப்பில் வைத்தபோது, கூரையில் இருந்த வாயுக் கசிவு அலாரம் 'கீ... கீ... கீ' என்று கத்த ஆரம்பித்தது.

வெளியே காரோடு வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அடுப்பு வாயு கசியுதா பாருங்க."

"அடுப்பை நான் இன்னும் திறக்கவே இல்லையே! சிலிண்டரும் மூடித்தான் இருக்கு. இந்த அலாரத்துக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு," என்றார் அப்பா. துண்டை வீசி அலாரத்துக்கு விசிறினார். அது நிற்கவில்லை. "கத்திக்கிட்டே கிட. நான் பாலைக் காய்ச்சறேன்."

அவர் கை லைட்டரை எடுத்தது.

நண்டு அந்தக் கையைப் பார்த்தாள். தான் உட்கார்ந்திருக்கும் பலகையைப் பார்த்தாள். அதன் அடியில்தான் பேட்டரி. எதிரே லீடர் சீட்டுகளை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்த வைக்காதீங்க!"

நண்டு போட்ட சத்தத்தில் அப்பா லைட்டரும் கையுமாக அப்படியே நின்றார்.

"அதைப் பைல வைங்கப்பா! எதையும் தொடாதீங்க, ஸ்விட்சையும் தொடாதீங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

லீடரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் வெளியே குதித்தாள். சீட்டுகள் தரையெல்லாம் சிதறின. அப்பா பின்னாலேயே இறங்கினார். நண்டு நிற்கவில்லை. வீட்டுக்குள் ஓடி, சுவரில் இருந்த சார்ஜர் ஸ்விட்சை அணைத்தாள்.

திரும்பி வந்தபோது மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அலாரம் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது.

"என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா.

நண்டு ஆமையைச் சுற்றிக்கொண்டு போய் மஞ்சள் பூக்களின் முன்னால் நின்றாள். மற்றவர்களும் வந்தார்கள். ஒரு பூவை அவள் பிய்த்தாள். பின்னால் ஸ்பஞ்சு எட்டிப் பார்த்தது.

"நான்தாம்மா அடைச்சேன்... பாக்க அசிங்கமா இருக்குன்னு."

அம்மா அந்த ஸ்பஞ்சையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நண்டின் பார்வை செருப்பை விட்டு மேலே வரவில்லை. நேற்று லீடர் கேலி செய்தபோது வந்தது வெட்கமே இல்லை என்று இப்போது தோன்றியது. அது வெறும் காதுவரைக்கும்தான் சுட்டது. இது அப்படி இல்லை. லீடர் உள்ளே இருந்தாள். அப்பா உள்ளே இருந்தார்.

ஸ்பஞ்சு குழாய்க்குள் இறுகிக் கிடந்தது. விரலுக்கு வரவில்லை. லீடர் தன் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி நீட்டினாள். ஒரு கற்றை முடி அவிழ்ந்து அவள் நெற்றியில் விழுந்தது. நண்டு இரண்டு துண்டுகளையும் குத்தி வெளியே இழுத்தாள்.

அம்மா கதவையும் ஜன்னல்களையும் அகலத் திறந்துவைத்தாள். எல்லாரும் தள்ளிப்போய் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்து அலாரம் ஓய்ந்தது.

"வெளிய போக வழி இல்லாம ரப்பரையும் தாண்டி உள்ள கசிஞ்சிருக்கு. அந்த வாயு பட்டாலும் அலாரம் கத்தும்னு எனக்கே உடனே தோணலை," என்றாள் அம்மா மெல்ல. "சார்ஜ் போடறதுக்கு முன்னாடி வண்டியை ஒரு சுத்துச் சுத்திப் பாத்திருக்கணும். லிஃப்ட்ல தினம் அதைத்தான் செய்யறேன். சொந்த வண்டின்னதும் அசட்டையா விட்டுட்டேன்."

"நான் அந்த அலாரத்தைக் கிறுக்குன்னு வேற சொல்லிட்டேன்," என்றார் அப்பா.

"ஆனா நண்டு, நீ செஞ்சது பெரிய தப்பு," என்றாள் அம்மா. "தெரியுதா?"

நண்டு தலையாட்டினாள். மூக்கிலிருந்து ஒழுகியது.

"ஆனா தப்புன்னு தெரிஞ்சதும் சொல்லிட்ட. அதுவும் சரியான நேரத்துல. அதையும் நான் மறக்கமாட்டேன்."

லீடர் தன் ஷூ லேஸைக் கட்டி அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். "சளின்னு சொன்னது நான்தான் ஆன்ட்டி," என்றாள் தரையைப் பார்த்து. "எங்க வீட்ல வண்டியே இல்ல. அதான்... சும்மா சொல்லிட்டேன்."

அப்பா எழுந்து உள்ளே போய், வீட்டு அடுப்பில் பால் காய்ச்சி எடுத்து வந்தார். சர்க்கரை சரியாக இருந்தது.

நண்டு சந்தில் தேடி மூடிகளை எடுத்து வந்து கழுவினாள். அம்மா அவற்றைத் திரும்ப மாட்டினாள். மதியத்துக்குமேல் புறப்பட்டு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆமையின் விளக்கு பளிச்சென்று எரிந்தது, விசிறி சுற்றியது. ஆனால் லீடர் ஏதாவது கேட்டால் நண்டு ஆமாம், இல்லை என்று மட்டும் சொன்னாள். ஒவ்வொரு முறை அவள் முகத்தைப் பார்க்கும்போதும் அந்த லைட்டர்தான் கண்முன் வந்தது.

மறுநாள் காலை, பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளை டிரெய்லர் நின்றிருந்தது. பளபளவென்று புத்தம் புதிது. அதற்குச் சொந்தக்காரம்மா ஏரியில் குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டைப் பிழிந்து வண்டியின் பக்கச் சுவரில் போட்டார். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மூடி, துண்டு மாட்ட வசதியாக இருந்தது. வண்டியிலிருந்து ஒரு வயர் கிளம்பி, ஏரிக்கரை முகாமின் மின்கம்பத்தில் இருந்த ப்ளக்குக்குப் போனது.

நண்டு அதைப் பார்த்துவிட்டாள். அம்மாவும் அப்பாவும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். லீடர் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நண்டு எழுந்து போனாள்.

"அத்தை... அந்தத் துண்டை எடுத்துடறீங்களா?"

"ஏன் கண்ணு? காயத்தானே போட்டிருக்கேன்."

"அதுக்கு அடியில இருக்கறது பேட்டரியோட காத்து ஓட்டைன்னு நினைக்கறேன். அதை மூடினா வாயு உள்ளயே தங்கிடும். அடுப்புப் பத்த வச்சா வெடிச்சிடும்."

அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அடேயப்பா! இத்துனூண்டு இருக்கே, உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

எங்கம்மா சொன்னாங்க என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. நண்டின் காது மறுபடியும் சூடானது.

"நான் அடைச்சு வச்சேன் அத்தை. நேத்து. எங்க வண்டில. எங்கப்பா லைட்டரை எடுத்துட்டார். எல்லாரும் வெளிய ஓடினோம்."

சிரிப்பு சட்டென்று நின்றது. அந்த அம்மா ஒரே தாவாகத் தாவித் துண்டை உருவினார். நண்டை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"எனக்கு இந்த வண்டி புதுசு கண்ணு. எது எதுக்குன்னு ஒண்ணும் தெரியாது. வேற எங்கயாவது இந்த மாதிரி இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லிட்டுப் போறியா?"

நண்டு தலையாட்டினாள்.

"இரு, நானும் வரேன்!" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. லீடர் வாய் நிறைய நுரையோடு, ஒற்றைச் செருப்போடு ஓடி வந்துகொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்ததும் நண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் குனிந்து, நிமிர்ந்து, எட்டிப் பார்த்து, அந்த வெள்ளை வண்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தார்கள்.