பம்ப் அறைத் தகடு

மடிக்கணினிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே அந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். லேசர் பொறிப்புக் கடை ஒன்றில் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது அவள் வேலை. பெயர்ப்பலகையோ கேடயமோ இயந்திரத் தகடோ, எதுவானாலும் அவள் திரையில் வரைந்து முடித்த பிறகுதான் மெஷினுக்குப் போகும். கடையில் எல்லாரும் அவளை ஆர்ட்டிஸ்ட் என்றே கூப்பிட்டார்கள்.

"நான் செய்யாத தப்பை ஒத்துக்கச் சொல்றாங்க. ஒத்துக்க மாட்டேன். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் முப்பது வருடம் காப்பீட்டு சர்வேயராக இருந்து, எரிந்த கிடங்குகளின் சாம்பலைக் கிளறி உண்மையை எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர் அவருடைய கொழுந்தன், பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியார். விடுமுறை வந்தால் வாத்தியாருக்குக் கால் வீட்டில் தங்காது; அண்ணியின் வால் பிடித்துக்கொண்டு திரிவார்.

ஆர்ட்டிஸ்ட் நடந்ததைச் சொன்னாள். ஊர் நீச்சல்குளத்தின் பம்ப் அறைச் சுவரில் ஒரு எஃகுத் தகடு இருக்கிறது. தினமும் தண்ணீரில் எவ்வளவு குளோரின் கரைசல் ஊற்ற வேண்டும் என்று அதில் பொறித்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அதை வரைந்தது அவள்தான். அளவு 1.5 லிட்டர். போன திங்கட்கிழமை புது பம்ப் ஆபரேட்டர் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாளே, தகட்டைப் பார்த்து பதினைந்து லிட்டரை ஊற்றிவிட்டார். காலை நீச்சலுக்கு வந்தவர்களில் ஏழு பேர் இருமலும் மூச்சுத்திணறலுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆறு பேர் வீடு திரும்பினார்கள். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி மூன்றாவது நாளாக இன்னும் ஆக்சிஜனில் இருக்கிறாள்.

"தகட்டுல பதினைஞ்சுன்னுதான் இருக்கு, நானே போய்ப் பார்த்தேன். கீழே எங்க கடைப் பேரும் இருக்கு. ஆனா என் ஃபைல்ல ஒண்ணு, புள்ளி, அஞ்சு. குளத்து மேனேஜர், விபத்துக்கப்புறம் நான் ஃபைலைத் திருத்திட்டேன்னு முதலாளிக்கு லெட்டர் எழுதிட்டார். இனி வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை குளத்துக் கமிட்டி கூடுது. போலீஸ்ல புகார் கொடுக்கப் போறாங்களாம்."

மடிக்கணினியைத் திறந்து ஃபைலைக் காட்டினாள். கடைசியாகத் திருத்திய தேதி இரண்டு வருடத்துக்கு முந்தியது. வாத்தியார் துள்ளி எழுந்து, இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்றார்.

"உட்காருங்க தம்பி. தேதியை யார் வேணாலும் மாத்தலாம், கமிட்டி அதைத்தான் சொல்லும். தகட்டைப் பார்க்கலாம்."

பம்ப் அறை குளத்துக்குப் பின்புறம் இருந்தது. ஈரச் சிமென்ட் தரை. கண்ணைக் கரிக்கும் வாடை. மூன்று நீல நிறப் பம்புகள். இரண்டு உள்ளங்கை அகலத் தகடு நான்கு திருகாணிகளில் சுவரில் நின்றது. மேனேஜர் கூடவே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் சாவிக்கொத்து. கடையிலிருந்து வந்த அன்று மாட்டியதுதான், அதற்குப் பிறகு யாரும் இதைத் தொடவில்லை என்றார்.

அண்ணி கண்ணாடி உறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, தகட்டருகே முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு வாத்தியாரைப் படிக்கச் சொன்னார்.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு வகுப்பில் படிப்பதுபோல் படித்தார். "கவனம். காலை ஒரு முறை மட்டும். குளோரின் கரைசல் 15 லிட்டர்."

வாசலில் ஒதுங்கி நின்றிருந்த புது ஆபரேட்டரையும் அண்ணி கூப்பிட்டார். நாற்பது வயதுக்காரர், மூன்று நாளாகத் தூங்காத கண்கள். தனக்குத் தட்டுத்தடுமாறித்தான் படிக்க வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, விரலை எழுத்தின் அடியில் வைத்து நகர்த்தினார்.

"கவனம். காலை ஒரு முறை... மடடும. குளோரின... கரைசல. பதினைஞ்சு... லிடடர."

மேனேஜர் சிரித்தார். வாத்தியாருக்குப் பாவமாக இருந்தது. "மட்டும், லிட்டர்," என்று மெதுவாகத் திருத்தினார். ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி மட்டும் சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. அன்றைக்கும் இப்படித்தான் படித்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார் ஆபரேட்டர். எழுத்து ஒரு மாதிரி இருக்கிறதே என்று மேனேஜரிடம் சொன்னதாகவும், படிக்கத் தெரியாதவனை எனக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அவர் சிரித்ததாகவும் சொன்னார்.

"அதுக்கப்புறம் அளவைப் பத்திக் கேக்க வாய் வரலம்மா. கேன் கனமா இருக்கேன்னு தோணுச்சு. ஆனாலும் கேக்கல."

வெளியே வந்ததும் வாத்தியார் தன் முடிவை அவிழ்த்துவிட்டார். பாவப்பட்ட ஆள்தான், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பவரை இந்த வேலையில் வைத்ததுதான் தப்பு என்றார். அண்ணி, போன வாரம் ஓய்வு பெற்ற பழைய ஆபரேட்டருக்குப் போன் போடச் சொன்னார்.

பழையவர் பேச்சுப் பிரியர். தகட்டை யார் பார்த்தார்கள், குளோரின் ஆவியில் அது புள்ளிபுள்ளியாகத் துரு ஏறி ஒரு வருடமாகிறது, எனக்கு அளவு மனப்பாடம் என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அறையைப் பூட்டி, இருந்த ஒரே சாவியை மேனேஜர் கையில் கொடுத்தாராம். புது ஆளுக்கு ஒருநாள் கூட இருந்து சொல்லித் தருகிறேன் என்றதற்கு, தகடு இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்வான் என்று மேனேஜர் அனுப்பிவிட்டாராம். கிளம்பும்போது பம்புகளைப் போனில் படம் எடுத்ததாகவும் சொன்னார். சுவரும் அதில் விழுந்திருக்கலாம்.

படம் வந்தது. ஆர்ட்டிஸ்ட் அதைப் பெரிதாக்கினாள். பழுப்புப் புள்ளிகள் அப்பிய, மங்கிய தகடு. உற்றுப் பார்த்தால் ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு புள்ளி இருப்பதுபோலவும் தெரிந்தது, அதுவும் துருவோ என்றும் தோன்றியது. அண்ணி அவளிடம் தனியாக ஏதோ கேட்டார். அவள் முகம் மாறியது. "ஆமா, அப்படித்தான் ஆகும்," என்றாள். "நான் திரையிலயே காட்டுறேன்." வாத்தியார் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் என்றுவிட்டார் அண்ணி.

கமிட்டி குளத்து அலுவலகத்தில் கூடியது. செயலாளர், மேனேஜர், கடை முதலாளி, ஆபரேட்டர், ஆர்ட்டிஸ்ட். மேசைமேல் கழற்றிய தகடு கிடந்தது. செயலாளரின் முன்னால்தான் அதை அண்ணி கழற்ற வைத்திருந்தார்.

"இந்தத் தகட்டை முதல்ல சரியாப் படிச்சவர் ஒருத்தர்தான்," என்று அண்ணி ஆரம்பித்தார். "புது ஆபரேட்டர். மடடும, குளோரின, லிடடர. அவர் தப்பாப் படிக்கல. இருக்கிறதைப் படிச்சார். நமக்குப் படிச்சுப் பழகிப்போச்சு, இல்லாத புள்ளியை நாமளே வச்சுக்கிறோம். தமிழ் வாத்தியார்கூட வச்சுக்கிட்டார்."

பூதக்கண்ணாடி கைமாறியது. மேலே பெரிய எழுத்தில் இருந்த 'கவனம்' என்ற சொல்லில் புள்ளி இருந்தது. கீழே சிறிய எழுத்தில் ஒரு மெய்யெழுத்துக்குக்கூடப் புள்ளி இல்லை. வாத்தியாருக்குக் காது சூடானது. இருபது வருடமாகப் பிள்ளைகளின் தாளில் விட்டுப்போன புள்ளிக்குச் சிவப்பு மை வைத்தவர் அவர்.

"டைப் அடிக்கிறப்ப ஒரு புள்ளி தவறலாம். சின்ன எழுத்துல மட்டும் எல்லாப் புள்ளியும் தவறுமா? ஒண்ணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருந்த புள்ளி தனியாப் போகல, இதுங்களோடதான் போயிருக்கு. எப்படிப் போகும்னு காட்டும்மா."

ஆர்ட்டிஸ்ட் மடிக்கணினியை எல்லாருக்கும் தெரியும்படி திருப்பினாள். பழையவர் எடுத்த படத்தில் தகட்டை மட்டும் வெட்டி எடுத்தாள். போட்டோவில் இருக்கும் எழுத்தை லேசர் வெட்டும் கோடாக மாற்ற மென்பொருளிலேயே ஒரு வசதி உண்டு என்று விளக்கினாள். கறுப்பாக இருக்கும் இடத்தையெல்லாம் அது ஓரம் பிடித்துக்கொண்டு போகும். அழுத்தியதும் எழுத்தோடு துருப்புள்ளிகளும் நூற்றுக்கணக்கில் கோடாக வந்தன.

"இதை இப்படியே வெட்ட முடியாது. அதனால, இந்த அளவுக்குச் சின்னதா இருக்கிறதையெல்லாம் தூசுன்னு நினைச்சு விட்டுடுன்னு மெஷினுக்குச் சொல்லுவோம்." அவள் ஒரு எண்ணைக் கூட்டினாள். துரு கொஞ்சம் மறைந்தது. இன்னும் கூட்டினாள். துரு முழுவதும் போய்த் திரை பளிச்சென்று ஆனது. 'மட்டும்' என்பது 'மடடும' என்று ஆகி நின்றது. ஒன்றரை பதினைந்தாகி நின்றது.

செயலாளர் தகட்டை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அடியில் இருந்த கடைப் பெயரும் இரண்டிலும் ஒரேமாதிரி மழுங்கியிருந்தது.

"எங்கிட்ட அசல் ஃபைல் இருக்கு. நான் ஏன் துருப்பிடிச்ச போட்டோவில இருந்து எடுக்கப் போறேன்?" என்றாள் ஆர்ட்டிஸ்ட். அவள் குரல் உயரவில்லை. முதலாளிதான் பார்வையை மேசைக்குத் தாழ்த்திக்கொண்டார்.

அண்ணி தகட்டின் மூலைகளைக் காட்டினார். ஒவ்வொரு திருகாணித் துளையைச் சுற்றியும் ஒரு வளையம், அதன் இரண்டு பக்கமும் ஒரு கோட்டின் மிச்சம். இதுவரை அவை திருகாணியின் தலைக்கு அடியில் ஒளிந்து கிடந்தன. பழைய திருகாணிகளின் தலையையும் அதிலிருந்த வெட்டையும் படம் என்று நினைத்து மெஷின் பொறித்திருந்தது.

"அப்போ அசல் தகடு சுவத்துல மாட்டியிருக்கிறப்பவே, அந்த அறைக்குள்ள நின்னு போட்டோ எடுத்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் துருப்பிடிச்ச தகடுதான் இருந்துச்சு. திங்கக்கிழமை காலையில புது ஆள் பார்த்தது துருவே இல்லாத இந்தத் தகடு. நடுவுல சாவி ஒருத்தர் கையிலதான் இருந்துச்சு. தகட்டை யாரும் தொடலைன்னு எங்கிட்டச் சொன்னவரும் அவர்தான்."

மேனேஜர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். நடந்ததைச் சொன்னார். பழையவரை அனுப்பிய பிறகுதான் தகட்டை உற்றுப் பார்த்தாராம். புது ஆளால் அதைப் படிக்கவே முடியாது என்று புரிந்ததாம். பொறிப்புக் கடை ஞாயிறு விடுமுறை. அவருடைய மச்சினன் பேனாவிலும் சாவி வளையத்திலும் பெயர் பொறிக்கும் பரிசுக்கடை வைத்திருந்தான். போட்டோவை அனுப்ப, ஒரு மணி நேரத்தில் தகடு தயார். வெட்டுவதற்கு முன் படித்துப் பார்க்கச் சொல்லி மச்சினன் படத்தை அனுப்பியிருக்கிறான். பார்த்தேன், படிக்கவில்லை என்றார் மேனேஜர்.

"ஆம்புலன்ஸ் வந்ததும் பயந்துட்டேன்."

"பயந்தது சரி," என்றார் அண்ணி. "ரெண்டு நாள் கழிச்சு இந்தப் பொண்ணு மேல பழி போட்டு லெட்டர் எழுதினீங்களே, அது பயத்துல எழுதினதில்ல. இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. மத்ததைக் கமிட்டி பார்த்துக்கும்."

அவர் போனார். செயலாளரும் கூடப் போனார். சிறுமிக்கு அன்று காலைதான் ஆக்சிஜனை எடுத்திருந்தார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்ததாகவும், அவளுடைய அம்மா மேனேஜர் சொன்னதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டதாகவும் செயலாளர் பிறகு சொன்னார். மேனேஜருக்கு வேலை போயிற்று. புது ஆபரேட்டருக்குப் பழையவர் ஒரு வாரம் கூட இருந்து சொல்லிக் கொடுத்தார்.

முதலாளி ஆர்ட்டிஸ்டை மறுநாளே வரச் சொன்னார். என்னை நிறுத்தியதை எல்லார் முன்னாலும் சொன்னீர்கள், திரும்ப அழைப்பதையும் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்றாள் அவள். அவர் சொன்னார்.

குளத்துக்குப் புதுத் தகடு வரையும் வேலையும் அவளுக்கே வந்தது. வாத்தியார் பார்க்கப் போயிருந்தார். பழைய ஃபைல் அப்படியே இருக்கிறதே, மெஷினுக்கு அனுப்ப வேண்டியதுதானே என்று கேட்டார்.

"அது சரியான ஃபைல்தான் சார். ஆனா அளவு ஒரு புள்ளியை நம்பி நின்னுச்சு. மறுபடி துரு ஏறும், மறுபடி எவனாவது போட்டோ எடுப்பான்." அவள் எண்ணை அழித்தாள். அந்த இடத்தில் எழுத்தாலேயே ஒன்றரை லிட்டர் என்று அடித்து, சிறிய எழுத்தையெல்லாம் தலைப்பின் அளவுக்குப் பெரிதாக்கினாள். வரிகள் தகட்டில் அடங்கவில்லை. அவள் தகட்டைப் பெரிதாக்கினாள்.