இரண்டாவது குழாய்

தம்பியின் இதயத்துக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் விலை சொன்னார்கள். ரத்தப் பரிசோதனைக் கட்டணம்தான். சுப்பாராயுடு ஆயிரத்து ஐநூறுக்குக் கேட்டார். குண்டூர் மிளகாய்ச் சந்தை யார்டில் இருபது வருஷமாகக் கமிஷன் கடை நடத்துகிறவருக்கு, சொன்ன விலையை அப்படியே எடுத்துவைப்பது அவமானம்.

ஐந்து நாள் காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில்தான் தம்பி முரஹரிக்கு நெஞ்சு வலித்தது. வயது இருபத்தாறு. இதயத் தசை வீங்கிப் புண்ணாகியிருந்தால் ரத்தத்தில் ட்ரோபோனின் ஏறும் என்று சொல்லி, மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்து ஹைமவதி ஒரு குழாய் ரத்தம் எடுத்தாள். இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு ஒரு எண்ணைக் கொடுத்தாள். பதினொன்று. பதினான்குக்குள் இருந்தால் சரிதானாம்.

"ஆனா வலி இப்பதான் ஆரம்பிச்சிருக்கு, ராயுடுகாரு. மறுபடியும் எடுத்து, ஏறுதான்னு பாக்கணும். அதுவரைக்கும் இங்கயே படுத்திருக்கட்டும். டாக்டரும் அதத்தான் சொல்றாரு."

"ஏம்மா, ஒரு மூட்டைல கைய விட்டு அள்ளிப் பாத்தே மொத்த லாட்டுக்கும் விலை சொல்றவன் நான். ஒரே ஒடம்புக்கு எதுக்கு ரெண்டு சாம்பிள்?"

"மூட்டைல இருக்கற மிளகா மூணு மணி நேரத்துல மாறாது. ரத்தம் மாறும்."

"நல்லா பேசறே. கடைல உக்காரவைக்கணும் உன்ன."

சீசன் உச்சம். யார்டில் லாரிகள் காத்து நின்றன. தன் பொறுப்பில் அழைத்துப்போவதாகக் கையெழுத்துப் போட்டார். கார் வரைக்கும் துரத்திவந்து, ஹைமவதி இன்னொரு குழாய் எடுத்துக்கொண்டாள். "காசு வேணாம். நான் ராத்திரி நிம்மதியா தூங்கணும், அதுக்குத்தான்."

வீட்டில் மதிய வெயில் ஜன்னல் இடுக்கில் கோடு கிழித்திருந்தது. கீழ்த்தளத்தில் கொட்டிவைத்த மிளகாயின் நெடி படியேறி வந்து, திரைச்சீலையைத் தாண்டி, மூக்கிலும் தொண்டையிலும் முள்ளாக இறங்கிக்கொண்டிருக்க, சமையலறையில் மனைவி இருமினாள், வாசலில் டிரைவர் தும்மினான், அவரும் கண்ணைத் துடைத்தபடி அடுத்தடுத்து இருமிக்கொண்டிருந்தார்.

முரஹரி மட்டும் இருமவில்லை.

"வலி எப்படிடா இருக்கு?"

"போயிடுச்சு அண்ணய்யா. தூக்கம்தான் வருது." கண்ணை மூடிக்கொண்டான்.

போயிற்று அல்லவா. பிறகு எதற்கு ரெண்டாவது சாம்பிள்? எரிச்சலோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மின்சாரம் போனது. மின்விசிறி தேய்ந்து தேய்ந்து நின்றது.

தோளில் இருந்த துண்டு நழுவி அவர் வலது கைமேல் விழுந்தது. அதற்குள் ஒரு கை வந்து அவர் விரல்களைப் பிடித்தது.

சிரிப்பு வந்தது அவருக்கு. யார்டில் துண்டு மறைவில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். முதல் பிடி ஆயிரம், அடுத்தது நூறு, முஷ்டியாக மடக்கிவிட்டால் சரக்கு கைமாறியாயிற்று. சிறுவயதிலிருந்தே தம்பிக்கு இது விளையாட்டு.

மூன்று விரல். விட்டது. நான்கு விரல்.

"மூவாயிரத்து நானூறா? எந்தச் சரக்குக்குடா?"

மறுபடியும் மூன்று. நான்கு. கை சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். மறுபடியும் மூன்று. நான்கு. வலிக்கும்படி.

"விலைய மாத்துடா, ஒரே எடத்துல நிக்காதே."

செல்பேசி அடித்தது. இடது கையால் எடுத்தார்.

"ராயுடுகாரு, ஹைமவதி பேசறேன். ரெண்டாவது குழாயோட ரிசல்ட் வந்துடுச்சு. மூவாயிரத்து நானூறு. எங்க இருக்கீங்க? ஒடனே கூட்டிட்டு வாங்க. நடக்க விடாதீங்க, தூக்கிட்டு வாங்க. கேக்குதா?"

கேட்டது.

திரும்பிப் பார்த்தார். முரஹரியின் இரண்டு கைகளும் அவன் மார்பின் மேல் இருந்தன. துண்டுக்கு வெளியே. மார்பு எழவில்லை.

துண்டுக்குள் பிடி தளரவில்லை.

செல்பேசி தரையில் விழுந்தது. இடது கையையும் துண்டுக்குள் நுழைத்தார். பத்து விரலையும் விரித்து நீட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசவில்லை.

"எவ்வளவு வேணும்னாலும். சொல்லு. எவ்வளவு வேணும்னாலும்."

அந்தக் கை நிதானமாக அவர் விரல்களை மடக்கத் தொடங்கியது. சுண்டு விரல். மோதிர விரல். நடு விரல். அவசரமே இல்லை. கீழே யாரோ தும்மினார்கள். ஆள்காட்டி. கட்டை விரல்.

முதல் குழாய், பதினொன்று.

இரண்டாவது, மூவாயிரத்து நானூறு.

மூன்றாவது, முஷ்டி.