கதவில் தொங்கும் சாக்ஸ்

அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் ஒரு கதவுக் கைப்பிடியில் ஒற்றைச் சாக்ஸ் தொங்கினால், உள்ளே இரவு வேலை முடித்து வந்தவர் தூங்குகிறார் என்று அர்த்தம். தட்டக் கூடாது. கத்தக் கூடாது. படியில் குதிக்கவே கூடாது. நேற்று நடக்கத் தொடங்கிய குழந்தைக்குக்கூட இது தெரியும்.

இந்தச் சட்டத்தால் ரொம்பவும் தவித்தவள் சைரன்தான். அது அவளுடைய பட்டப்பெயர். மூன்றாவது மாடியிலிருந்து அவள் "அம்மா!" என்று கூப்பிட்டால் தெருமுனையில் பஸ்காரர் பிரேக் போடுவார். அப்படிப்பட்டவள் பகல் முழுக்கக் கிசுகிசுக்க வேண்டும் என்றால் பாவம் இல்லையா? ஆனாலும் கிசுகிசுத்தாள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இரவு நேர நர்ஸ். அவர்கள் வீட்டுக் கதவில் தொங்குவது பச்சை சாக்ஸ்.

ஒரு பள்ளி விடுமுறை நாள் மத்தியானம் நகராட்சி அதிகாரி ஒருவர் வந்தார். எந்தெந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு கதவைத் தட்டக் கை ஓங்கினார். சைரன் பாய்ந்து வந்து நடுவில் நின்று கிசுகிசுத்தாள்.

"தட்டாதீங்க சார்! எந்தக் கதவையும் தட்டாதீங்க!"

"சரி சரி, தட்டலை" என்றார் அவர். ஏன் என்று கேட்டிருக்கலாம். ஆனால் சாப்பாட்டு வேளை, பசி வயிற்றைக் கிள்ளியது. எல்லா மாடியையும் சுற்றிப் பார்த்தார். மூடிய கதவுகள். சத்தமே இல்லை. போய்விட்டார்.

சில நாள் கழித்து, கீழ்வீட்டுத் தையல்கார அத்தை எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி.

"நம்ம கட்டடம் காலியா கிடக்குதுன்னு நகராட்சி அதிகாரி எழுதிட்டாராம். இடிச்சுட்டு வசதியானவங்களுக்கு வீடு கட்டப் போறாங்களாம்."

"காலியா?" என்று பேக்கரி மாமா துள்ளினார். "சைக்கிள் நிறுத்த இடமில்லாம நான் அதைக் கட்டிலுக்குப் பக்கத்துல படுக்க வைக்கிறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். சைரனின் அம்மா சிரிக்கவில்லை.

"நாம குடுக்குற வாடகைக்கு இந்த ஊருக்குள்ள வேற எங்க வீடு கிடைக்கும்? ஊருக்கு வெளிய போயிட்டா, ராத்திரி வேலைக்கு நான் எப்படி வர்றது?" அம்மாவின் குரல் உடைந்தது.

சைரன் மூக்கை உறிஞ்சினாள். "என்னாலதான். நான்தான் அவரைத் தட்ட விடலை."

"அடி போடி!" என்றார் அத்தை. "நீ நம்ம சட்டத்தைச் சொன்ன. ஏன்னு கேக்காதது அவர் தப்பு. மூக்கைத் துடைச்சுட்டு, அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கலாம்னு யோசி. நகராட்சிக் கூட்டம் வருது."

சைரன் யோசித்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினாள்.

"மாமா, உங்க சாக்ஸ் வேணும். கூட்டத்துக்கு மட்டும்."

"என்னோடதா? கட்டைவிரல் கிட்ட ஓட்டையா இருக்கேம்மா!"

"பரவாயில்ல. தோச்சதுதானே?"

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. அதிகாரி எழுந்து, "நான் போனப்போ ஒரு கதவுகூடத் திறக்கலை" என்றார்.

உடனே தையல்கார அத்தை துணி காயப்போடும் கொடிக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைச் சைரன் இழுத்துக்கொண்டு நடந்தாள். கொடி முழுக்க சாக்ஸ்! மண்டபமே கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஒருவர் மைக்கை நீட்டினார். சைரனுக்கு எதற்கு மைக்?

"இதுல ஒவ்வொண்ணும் ஒரு வீடு!" என்றாள். ஜன்னல் அதிர்ந்தது. "இது பேக்கரி மாமாவோடது. காலையில நீங்க சாப்பிட்ட பிரெட்டை ராத்திரி முழுக்க நின்னு சுட்டது அவர்தான். ஓட்டையைப் பாக்காதீங்க, வெக்கப்படுவார். இது தெருப் பெருக்குற அக்காவோடது. இந்தப் பச்சை எங்கம்மாவோடது."

கொடியை இன்னும் உயரத் தூக்கினாள்.

"நீங்க தூங்கும்போது இவங்க முழிச்சிருக்காங்க. நீங்க முழிச்சிருக்கும்போது இவங்க தூங்கினா, வீடு காலின்னு சொல்லிடலாமா?"

நகராட்சித் தலைவரம்மா முன்னால் சாய்ந்தார். "இப்ப என்ன செய்யணும்ங்கற?"

"விடியற்காலையில வந்து பாருங்க. இவங்க வீட்டுக்கு வர்ற நேரம், மத்தவங்க வேலைக்குப் போற நேரம்."

தலைவரம்மா மறுநாள் விடியற்காலையிலேயே அதிகாரியோடு வந்தார். படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டு நின்றார்கள். அதிகாரி பேக்கரி மாமாவின் சைக்கிளுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டார்.

"கொஞ்சம் வழி விடுங்க!"

"வழியா? அது எங்க சார் இருக்கு?" என்றார் மாமா.

"காலியான கட்டடத்துல மூச்சுவிட முடியலையே!" என்று தலைவரம்மா சிரித்தே விட்டார்.

அடுத்த கூட்டத்தில் முடிவு சொன்னார்கள். கட்டடம் இடிபடாது. பழுது பார்ப்பார்கள். வாடகையும் ஏறாது. அத்தை விசில் அடித்தார். ஆம், தையல்கார அத்தைதான்! அம்மா சைரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "இது என் பொண்ணு, என் பொண்ணு" என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னார்.

சில நாளில் அதே அதிகாரி பழுதுகளைப் பார்க்க வந்தார். அதே மத்தியான வேளை. கதவுகளில் சாக்ஸ் தொங்கின. அவர் நின்றார், ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சத்தமில்லாம எப்படிம்மா மேல போறது?" என்று கிசுகிசுத்தார்.

"என் பின்னாடியே வாங்க சார்" என்று சைரனும் கிசுகிசுத்தாள். "படிக்கட்டுக் கைப்பிடியைத் தொடாதீங்க, லொடலொடன்னு ஆடும். முதல்ல அதைச் சரி பண்ணிக் குடுங்க."

அதிகாரி தலையாட்டினார். சைரன் நிமிர்ந்த தலையோடு முன்னால் நடக்க, அவர் நுனிக்காலில் அவள் பின்னாலேயே ஏறினார்.